தண்டனை குறைந்தால் யாரைத் திட்டுவது?

வழிப்பறி வழக்கில் தண்டனை குறைவாக வந்தால் எங்கள் கடலூரில் முதல் திட்டு நீதிபதிக்குத்தான். நான் அரசாங்கத்தைத்தான் கேட்பேன்.

திருப்பாப்புலியூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். இரவு கடையைச் சாத்திவிட்டு வரும்போது பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் கழுத்தில் கத்தியை வைத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். சங்கிலி இழுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. இருவரும் பிடிபட்டார்கள், குற்றமும் நிரூபணமானது. தண்டனை ஒரு வருடம். அதிலும் ரிமாண்டில் இருந்த காலம் கழிந்தது. அப்பீல் போகலாமா என்று அக்கா கேட்டதற்கு வக்கீல் கையை விரித்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, விடுதலை செய்தாலோ, சின்னப் பிரிவில் தண்டித்தாலோ, இழப்பீடு குறைந்தாலோ பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம். தண்டனை போதாது என்று மட்டும் போக முடியாது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொல்லிவிட்டது. அந்தக் கதவு அரசுக்கு மட்டும்தான்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 377-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 418.

இன்னொரு கூத்து. கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்தவனுக்குக் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு, வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். அக்காவின் புகாரில் இருந்த கத்தி குற்றப்பத்திரிகையில் 'மிரட்டி' என்று ஆகிவிட்டது. அப்போது அது சாதா வழிப்பறி, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிந்துவிடும். அங்கே மூன்று வருடத்துக்கு மேல் கொடுக்க அதிகாரமே இல்லை. அரசே அப்பீல் போனாலும் அந்த மூன்றைத் தாண்டாது. (எழுதிய ஏட்டய்யாவுக்கு இது தெரியுமோ என்னவோ.) ஆனாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லையா?

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பெரிய குற்றங்களில் தண்டனை போதாது என்று தோன்றினால், அப்பீல் கோர்ட்டுக்குக் கொண்டு போகச் சொல்லி 28 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலுக்கு எழுதலாம். பாதிக்கப்பட்டவராகக்கூட இருக்க வேண்டியதில்லை.

'வறுமையில் திருடுகிற பையன்களை உள்ளே தள்ளி என்ன ஆகப்போகிறது?' என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயம்தான். அதற்காகத்தான் அரசு அப்பீல் போனால், எதிரி தண்டனையைக் குறைக்கச் சொல்லியும் விடுதலை கேட்டும் வாதாடச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை.

எல்லா வழக்கிலும் அப்பீல் போங்கள் என்றும் நான் கேட்கவில்லை. கதவைத் தன் கையில் மட்டும் வைத்துக்கொண்ட அரசு, அப்பீல் காலம் முடிவதற்குள் 'போகிறோம்' என்றோ 'போகவில்லை, காரணம் இது' என்றோ பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் சொல்லட்டும். ஒரு தபால் செலவுதானே?