ஏசி கணக்கில் 2 யூனிட் லாபம் வராது

ஒருவர், "ஏசி 1 யூனிட் மின்சாரம் எடுத்து 3 யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, அதில் அம்மோனியாவைக் கொதிக்கவைத்து டர்பைனைச் சுற்றினால் 2 யூனிட் இலவசம்" என்று எழுதியிருக்கிறார். 3 யூனிட் சரிதான். அதற்கு அப்புறம்தான் கணக்கு இடிக்கிறது.

30 டிகிரி காற்றிலிருந்து எடுத்த வெப்பத்தை 60 டிகிரிக்கு ஏற்றியாச்சு என்றே வைத்துக்கொள்வோம். இந்த 30 டிகிரி வித்தியாசத்தில் ஓடும் எந்த இயந்திரமும், உராய்வே இல்லாவிட்டாலும், 9 சதவீத வெப்பத்தைத்தான் வேலையாக மாற்றும் (60 டிகிரியோடு 273 சேர்த்தால் 333 கெல்வின்; 30-ஐ அதால் வகுத்துப் பாருங்கள்). 3 யூனிட்டில் அது 0.27. போட்டதோ 1 யூனிட்!

அம்மோனியா யோசனையும் பழசு. 1881 வாக்கில் ஜான் கேம்ஜி என்பவர் சுற்றுப்புற வெப்பத்திலேயே அம்மோனியாவைக் கொதிக்கவைத்து ஓடும் இயந்திரத்தை 'ஜீரோமோட்டார்' என்று அமெரிக்கக் கடற்படையிடம் கொண்டுபோனார். 0 டிகிரியிலேயே அம்மோனியா ஆவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 4 மடங்கு, பிஸ்டனைத் தள்ளிவிடும். தள்ளிய ஆவி மறுபடி திரவமாக வேண்டாமா? அதற்குச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த இடம் வேண்டும். அது அவரிடம் இல்லை.

கடலில் இருக்கிறது. ஹவாயில் 2015-ல் தொடங்கிய 105 கிலோவாட் ஆலை, வெதுவெதுப்பான மேல்நீரில் அம்மோனியாவை ஆவியாக்கி, ஆழ்கடல் நீரில் குளிரவைத்து மின்சாரம் எடுத்தது. லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் இதே வெப்ப வித்தியாசத்தில் கடல்நீரிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள், நாளுக்கு 1 லட்சம் லிட்டர் அளவில். அங்கேயும் பம்பு ஓட டீசல் ஜெனரேட்டர் மின்சாரம் கொடுக்க வேண்டியிருந்தது.