அந்தப் பிள்ளையின் முகத்தை எடுத்துவிடுங்கள்

வன்னியில் ஒரு பாடசாலைப் பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கிற அந்தக் காணொளிக்குக் கீழே நேற்று நான் எழுதியது இரண்டே வரி. பிள்ளையின் முகத்தை மறையுங்கள், பாடசாலையின் பெயரை எடுங்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த பதில்களை எல்லாம் இருந்து வாசித்தேன். பொறாமை பிடித்தவள், லண்டனில் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கதைக்கிறவள், தானும் செய்யமாட்டாள், செய்கிறவனையும் விடமாட்டாள். எழுதியவர்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். ஊரில் பிள்ளைகளைப் படிப்பிக்கிற எங்கள் திட்டத்துக்கு மாதாமாதம் காசு தருகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். அதுதான் கூட வலித்தது. இரண்டு வரியில் விளங்கவில்லை என்றால் சரி, விரிவாகவே சொல்கிறேன்.

காணொளியை நான் இங்கே பகிரப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பதினான்கு வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. சீருடையோடு நிற்க வைத்திருக்கிறார்கள், பாடசாலைச் சின்னம் தெளிவாகத் தெரிகிறது. "அப்பா எங்கை?" என்று கேட்கிறார்கள். பிள்ளை தாயைப் பார்க்கிறாள். திரும்பவும் கேட்கிறார்கள். "எப்ப விட்டிட்டுப் போனவர்? இப்ப ஆரோடை இருக்கிறார்?" அவள் அழும்வரை கேள்வி நிற்கவில்லை. அழத் தொடங்கியதும் கமரா கிட்டப் போகிறது. அதற்குப் பிறகுதான் சைக்கிள் வருகிறது, கனடாவில் இருக்கும் கொடையாளரின் பெயரைச் சொல்லி நன்றி சொல்லச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை அதே சைக்கிளில் அதே பாடசாலைக்குப் போகவேண்டும். வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் போன் இருக்கிறது.

நான் சொல்வது ஒன்றுதான். அவளுக்குச் சைக்கிள் தேவை. கொடுத்தது நல்ல காரியம். அந்தச் சைக்கிளுக்கு விலையாக அவள் தன் முகத்தையும் தன் வீட்டுக் கதையையும் கொடுக்கவேண்டியதில்லை.

"இலங்கையில் இலவசக் கல்விதானே, பிறகு எதற்கு இந்த உதவித் திட்டங்கள்" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945 இல் கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்தவள்தான் நானும், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். 1980 இலிருந்து பாடப்புத்தகம் இலவசம். 1993 இலிருந்து சீருடைத் துணி இலவசம். ஆனால் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, கண்ணாடி, மாதவிடாய்க் காலத்துக்கான துவாய், இவையெல்லாம் வீட்டுக் காசு. வன்னியில் துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ உள்ளே இருக்கிற கிராமத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனால் அடுத்தவர் வர மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் ஓ.எல், அதாவது பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை, எடுக்கப்போகிற பிள்ளைக்கு ரியூசன் ஆடம்பரம் இல்லை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் ஏ.எல், அதாவது உயர்தர வகுப்புக்குப் போவது கஷ்டமாகிவிடும். 2022 இல் ரூபா விழுந்தபோது கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள். கொழும்பைச் சுற்றியுள்ள பாடசாலைகளுக்கே அந்த நிலை என்றால், கூலி வேலைக்குப் போகிற தாய் வன்னியில் ஒரு கொப்பியை என்ன விலைக்கு வாங்கியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இந்தத் திட்டங்கள் வேண்டும். நான் உதவிக்கு எதிரானவள் இல்லை. என் சனி ஞாயிறு எல்லாம் இதற்குத்தான் போகிறது.

எங்களுடையது சிறிய திட்டம். பெரிய பெயர் இல்லை. ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்தால் ஏ.எல் முடியும்வரை விடுவதில்லை என்பது தொடங்கும்போதே போட்ட முடிவு. காசு பிள்ளையின் பெயரில் இருக்கிற வங்கிப் புத்தகத்துக்குப் போகும். தவணைக்கு ஒருமுறை பாடசாலை வரவும் புள்ளிகளும் வகுப்பாசிரியரிடமிருந்து வரும். ஊரில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். சம்பளம் இல்லாமல், தன் மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகப் போய்ப் பார்க்கிறார். பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்றால் ஏன் என்று கேட்டு எங்களுக்கு எழுதுவார். வருடக் கணக்கு பிரித்தானிய அறக்கட்டளை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்தும் வருகிற கேள்வி என்ன? "வீடியோ ஏன் போடுறேல்லை? அப்ப காசு எங்கை போகுது?"

இந்தக் கேள்வியை நேற்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்! வீடியோ இல்லையென்றால் களவு. அழுகிற பிள்ளை இருந்தால் நேர்மை. படம் ஒரு சாட்சி என்று யார் உங்களுக்குச் சொன்னது? வெளிநாட்டில் இருந்து ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து மாதக் காசு அனுப்புகிற முறை நேற்று வந்ததில்லை. இன்று பிளான் இன்டர்நேஷனல் என்று எல்லோருக்கும் தெரிகிற அமைப்பு 1937 இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தவித்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1950 களில் கொரியப் போர்ப் பிள்ளைகளுக்காக இந்த முறை இன்னும் பெரிதாக வளர்ந்தது. படம், கடிதம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அங்கிருந்தே வருகிறது. 1998 இல் சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகைக்காரர்கள் தாங்களே கொடையாளர்களாகச் சேர்ந்து, காசு கட்டிய பிள்ளைகளைத் தேடிப்போனார்கள். இறந்துபோன ஒரு பிள்ளையின் பெயரிலும் அவர்களிடம் தொடர்ந்து காசு வாங்கப்பட்டிருந்தது. அவர்கள் சேர்ந்தவை தெருவோர அமைப்புகள் இல்லை, உலகம் அறிந்த அமைப்புகள். பிள்ளையின் முகத்தைக் கையில் வைத்திருந்ததால் கணக்குச் சரியாகிவிடவில்லை. கணக்கைக் கேளுங்கள், வங்கிப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், வரவுப் பதிவைக் கேளுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்குக் கேட்டாலும் எடுத்து அனுப்புவேன். பிள்ளையின் கண்ணீரைக் கேட்காதீர்கள்.

வீடியோ போட்டால் காசு வருகிறது என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அந்தக் காணொளி ஒரு நாளில் திரட்டியதை நாங்கள் மாதக்கணக்கில்கூடத் திரட்டமாட்டோம். எங்களிடம் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது, அதில் இருக்கிற பெயர்களைப் பார்க்கும்போது எனக்கும் அந்த ஆசை வந்துபோகும். ஆனால் அப்படி வருகிற காசு ஒரு நாள் காசு. பை, சைக்கிள், ஒரு நேரச் சாப்பாடு, அத்தோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். படிப்பு அப்படி நடக்கிற விஷயமா? புருஸ் வைடிக் என்ற பொருளியலாளரும் இன்னும் இருவரும் 2013 இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். கம்பாஷன் இன்டர்நேஷனல் பொறுப்பெடுத்த பிள்ளைகளை உகண்டா, கென்யா, இந்தியா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா என்று 6 நாடுகளில், வளர்ந்த பிறகு தேடிப்போய்ப் பார்த்தார்கள். உதவி கிடைக்காதவர்களையும் சேர்த்து 10,000 பேருக்கு மேல். உதவி கிடைத்தவர்கள் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். அந்தத் திட்டத்திலும் படமும் கடிதமும் உண்டு, உண்மைதான். ஆனால் அங்கே பிள்ளையை ஆண்டுக்கணக்காகக் கூடவே வைத்துப் பார்க்கிறார்கள், பாடசாலை முடிந்த பிறகும் சொல்லிக்கொடுக்கிறார்கள், உடல்நலத்தைப் பார்க்கிறார்கள். ஒரு மாலை நேரத்தில் வாசலில் வந்து நின்று கமராவோடு கொடுத்துவிட்டுப் போகவில்லை.

"தாய் சம்மதிச்சவதானே" என்று ஒரு அண்ணை எழுதியிருந்தார். அண்ணை, வாசலில் புதுச் சைக்கிள் நிற்கிறது. வந்தவர்களின் வாகனம் நிற்கிறது. அயல்சனம் கூடி நிற்கிறது. பிள்ளை ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு நடக்கிற தூரம் தாய்க்குத் தெரியும். அந்த நேரத்தில் அவள் "கமராவை மூடுங்கோ" என்று சொல்வாளா? உங்கள் மனைவியோ என் அம்மாவோ அந்த இடத்தில் நின்றிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைச் சம்மதம் என்று எழுதாதீர்கள். பிள்ளைக்குத் தன் வீட்டு விஷயத்தைத் தனக்குள் வைத்திருக்கிற உரிமை உண்டு என்று ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் 1989 லேயே சொல்லிவிட்டது. இலங்கை 1991 இல் அதை ஏற்றுக்கொண்டது. வன்னிப் பிள்ளைக்கு மட்டும் அது பொருந்தாதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதை இங்கே எழுதியதில்லை. எங்கள் வீட்டில் அப்பா இல்லை. ஏ.எல் படித்த காலத்தில் சுவிசில் இருந்த உறவுக்காரர் ஒருவர்தான் என் ரியூசன் காசை அனுப்பினார். அவர் இல்லையென்றால் நான் கம்பஸ் போயிருக்கமாட்டேன். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் அவர் ஊருக்கு வந்தால், கலியாண வீடோ அந்தியேட்டி வீடோ, எங்கே கண்டாலும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார். "இவளைப் படிப்பிச்சது நான்தான்." பக்கத்தில் நிற்பவர்கள் என் சட்டையைப் பார்ப்பார்கள், செருப்பைப் பார்ப்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டு நிற்பார். அம்மாவுடைய அந்தச் சிரிப்பை என்னால் தாங்கமுடியாது. என் கலியாணத்திலும் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதையே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, பெருமையில் சொன்னார். அது மண்டபத்தில் இருந்த இருநூறு பேரோடு போய்விட்டது. இந்தப் பிள்ளையின் கதை எத்தனை ஆயிரம் பேரிடம் போயிருக்கிறது? அவள் நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அவளுக்குக் கலியாணம் பேசும்போது, அதுவும் கூடவே வரும்.

"நன்றி சொல்லுறதிலை என்ன குறைஞ்சுபோச்சு?" இதற்குப் பதில் எழுத எனக்கு மனமில்லை. உங்கள் பிள்ளைக்கு இங்கே பாடசாலையில் இலவசச் சாப்பாடு கொடுத்தால், தட்டைப் பிடித்தபடி கமராவைப் பார்த்து நன்றி சொல்லச் சொல்வீர்களா? பாடசாலை அனுமதி இல்லாமல் ஒரு படம் போட்டால்கூட அடுத்த நாளே போய்ச் சண்டை பிடிப்பவர்கள் நாங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னால் இன்னும் சிலர் கோபிப்பார்கள், பரவாயில்லை. காணொளியின் தலைப்பில் "போரில் பாதிக்கப்பட்ட" என்று போட்டிருக்கிறார்கள். போர் முடிந்தது 2009 மே. அந்த வருடத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது பதினாறைத் தாண்டிவிட்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையின் தகப்பன் முள்ளிவாய்க்காலில் சாகவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் பலரின் வீட்டில் தகப்பன் குடித்திருக்கிறார், கடன்பட்டிருக்கிறார், வேறு குடும்பத்தோடு போயிருக்கிறார். தாய் நுண்கடனுக்கு வாரக் கட்டுக்காசு கட்டிக்கொண்டிருக்கிறாள், இல்லையென்றால் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்விட்டாள். இந்தப் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க ஆள் பிடிக்க நாங்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. "மாவீரர் பிள்ளை இல்லையோ? தகப்பன் உயிரோடை இருக்கிறாரோ? அப்ப வேற பிள்ளையைத் தாங்கோ." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் களைத்துவிட்டது. தகப்பன் குடித்தது பிள்ளையின் பிழையா? அந்தப் பிள்ளைகளின் வீட்டிலும் போரின் பாதிப்பு இருக்கிறது. தலைப்பில் போடுகிற அளவுக்கு நேராக இல்லை, அவ்வளவுதான். எங்களுக்குப் பிடித்த கதை உள்ள பிள்ளைக்குத்தான் படிக்க உரிமை என்றால் நாங்கள் அந்தக் கதைக்குத்தான் காசு அனுப்புகிறோம்.

போன வருடம் ஒருவர் தான் பொறுப்பெடுத்த பிள்ளையை மாற்றித் தரச் சொன்னார். ஓ.எல்லில் கணிதம் சித்தியில்லை, இனி அவளுக்குக் காசு போட்டுப் பிரயோசனம் இல்லையாம். அந்தப் பிள்ளை தாய் இல்லாத வீட்டில் இரண்டு தம்பிமாருக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பரீட்சை எழுதியவள். இரண்டாம் தரம் எழுதினாள், சித்தியடைந்தாள், இப்போது ஏ.எல் கலைப்பிரிவில் இருக்கிறாள். அவளுடைய படம் என்னிடம் இல்லை. கேட்கவும் மாட்டேன். வரவுப் பதிவு இருக்கிறது. இந்தத் தவணை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். நீங்கள் அழுவதற்கு ஒரு முகம் வேண்டும் என்றால், மன்னிக்கவேண்டும், அதை என்னால் தரமுடியாது.

காணொளி போட்ட தம்பிக்கு. நீங்கள் வெயிலில் அலைந்து செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களைக் கெட்டவர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. தனிச்செய்தியிலும் கேட்டேன், பார்த்திருக்கிறீர்கள், பதில் இல்லை. அந்தக் காணொளியை எடுங்கள். அல்லது சைக்கிள் கொடுக்கிற இடத்தை மட்டும், முகம் தெரியாமல், பெயர் இல்லாமல் வைத்திருங்கள். உங்களுக்கு வருகிற ஆதரவு அதனால் குறையாது. ஞாயிறு இரவுக்குள் எடுக்கவில்லை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு எழுதுவேன். பின்னால் நின்று செய்தாள் என்று பிறகு சொல்லக்கூடாது என்பதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்கள் யாரும் அந்த அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் முறையிடலாம்.

பகிர்ந்தவர்களும் உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கீழே கருத்தில் அந்த இணைப்பைப் போடாதீர்கள், போட்டால் நீக்குவேன். என்னைத் திட்டுவதை நீக்கமாட்டேன்.