புத்தகப்பை கொடுத்தால் சமூகப் பொறுப்பு முடிந்துவிடுமா?

தீபாவளி நெருங்கினால் போதும், மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்கள் பீடோங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கம்பெனிக்காரர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைக் காசோலை, பேனர், புத்தகப்பை, பிள்ளைக்கு ஒரு பொம்மைப் பொட்டலம், தலைமையாசிரியருக்குப் பொன்னாடை, நாலு படம். அந்தப் பையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வாங்கும் பிள்ளைக்கு அது தேவைதான். ஆனால் பொம்மை செய்யும் கம்பெனியிடம் நாம் முதலில் கேட்கவேண்டியது பை எத்தனை என்று இல்லை, உள்ளே என்ன நடக்கிறது, வெளியே என்ன போகிறது என்றுதான். "வர்றதையும் கெடுத்துடாதீங்கண்ணே" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலர் கோபித்துக்கொள்வார்கள். சரி, கோபித்துக்கொள்ளட்டும்.

ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் காலியாகி, தோட்டத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிச் சுங்கைப்பட்டாணிக்கும் பினாங்கின் பிறைக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. உலகம் முழுக்கப் பையன்கள் உருட்டி விளையாடும் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் பிறையிலும் தயாராகிறது என்பது இங்கே பலருக்கு இன்னும் தெரியாது. என் அக்கா மகள் வேலை பார்த்தது வேறொரு சின்னக் கம்பெனியில், பெயர் வேண்டாம். பொம்மைக்குச் சாயம் அடிக்கும் பிரிவு. முகத்தின் மேல் மெல்லிய உலோகத் தகட்டை வைத்து அதிலுள்ள ஓட்டை வழியாக ஸ்பிரே அடிப்பார்கள், கண்ணுக்கு ஒரு தகடு, உதட்டுக்கு ஒரு தகடு. ஓட்டை அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தகட்டைச் சாயத்தைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து குளித்தபிறகும் அவள் கையில் அந்த வாடை போகாது, சோறு பிசையப் பிடிக்கவில்லை என்று கரண்டியால் சாப்பிடுவாள்.

அந்தத் துணி, சாயச் சேறு, பழைய தின்னர் எல்லாம் சட்டப்படி சாதாரணக் குப்பை இல்லை. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு கழிவு விதிகளின்படி இந்த மாதிரிக் கழிவுக்குத் தனிக் குறியீட்டு எண் உண்டு, பீப்பாயில் முத்திரை ஒட்டவேண்டும், 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வளாகத்தில் வைத்திருக்கக்கூடாது, உரிமம் உள்ள லோரிதான் எடுத்துப்போகவேண்டும். அவள் இருந்த இடத்தில் துணியெல்லாம் கேன்டீன் குப்பையோடு கறுப்புப் பையில் போனதாம். அதே கம்பெனிதான் பள்ளிக்கு வந்து மரக்கன்று நட்டு, "பசுமை" பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது!

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2019 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். அது பொம்மைக் கம்பெனியின் வேலை இல்லை. ஆனால் கழிவை ஒழுங்காக அனுப்பக் காசு ஆகும், கொட்டினால் காசு மிச்சம் என்ற கணக்கு எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான். சுற்றுச்சூழல் சட்டத்தின் 2024 திருத்தத்தில் அபராத உச்சவரம்பை ஒரு கோடி வெள்ளி (ரிங்கிட்) வரை உயர்த்தினார்கள், நல்லது. பிடிபட்டால்தானே அபராதம்?

பொம்மைத் தொழிலுக்கென்றே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில், 1993 மே 10 அன்று காடர் பொம்மைத் தொழிற்சாலை எரிந்து 188 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். கதவுகள் பூட்டியிருந்தன. 2007இல் ஹாட் வீல்ஸ் கார் செய்யும் அதே மேட்டல் கம்பெனி ஈயம் கலந்த சாயம் என்று லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது, சாயம் வந்தது துணை ஒப்பந்தக்காரர் வழியாக. மறு வருடம் அமெரிக்காவில் சட்டமே மாறியது. பெரிய கம்பெனி தன் கட்டடத்தைப் பளபளவென்று வைத்திருக்கும், தப்பு நடப்பது அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் மூன்றாவது சந்துக் கம்பெனியில். தணிக்கைக்காரர் வரும் நாளில் மட்டும் முகமூடியும் கையுறையும் புதிதாக வருமாம், அக்கா மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நல்லது செய்பவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் கட்டைப் பொம்மை செய்யும் லெகோ கம்பெனி 2018 முதல் செடி, இலைத் துண்டுகளைக் கரும்பிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கில் செய்கிறது. பழைய பாட்டிலில் இருந்து கட்டை செய்யும் திட்டத்தை 2023இல் கைவிட்டு, அது கரிய வெளியேற்றத்தைக் குறைக்காது என்று வெளிப்படையாகவே சொன்னது. எனக்கு அந்த நேர்மை அட்டைக் காசோலையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தாய்லாந்தின் திராங்கில் பிளான்டாய்ஸ் கம்பெனி பால் வற்றிய ரப்பர் மரத்தில் பொம்மை செய்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் பாட்டி காலையில் நாலு மணிக்கு விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பால் வெட்டிய மரம் அது, இருபத்தைந்து முப்பது வருடத்தில் சாய்த்தபிறகு லயத்துக்கு விறகாகத்தான் வந்தது. பூச்சி அரிக்காமல் பதப்படுத்திவிட்டால் அதே மரம் நல்ல விலைக்குப் போகிறது. நாம் மட்டும் தோட்டம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், பொம்மை உடைந்தபிறகு? உள்ளே இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக், திருகாணி, பேட்டரி, ஒயர். பழைய பேப்பர் லோரிக்காரர்கூட அதை எடுக்கமாட்டார். 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்தபிறகு அந்தக் கழிவு இங்கே வந்து, சிலாங்கூரின் ஜெஞ்சாரோமிலும் சுங்கைப்பட்டாணியிலும் இரவில் எரிந்த நாற்றம் நமக்கு மறந்துவிடவில்லை. மேட்டல் 2021இல் அமெரிக்காவில் பழைய பொம்மையைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. இங்கே விற்கும் கம்பெனிகளிடமும் கேட்டால்தான் வரும்.

எங்கள் பள்ளியில் அடுத்த காசோலைக் கூட்டத்தில், சாயக் கழிவை எடுத்துப்போகும் லோரியின் உரிம ரசீதைக் காட்டச்சொல்லிக் கேட்கப் போகிறேன். படத்துக்கு நிற்கும் முன்பே. இந்தக் கம்பெனிகளில் கழிவுக் கணக்கு எழுதும் வேலையில் யாராவது இருந்தால், அந்த ரசீதில் என்னென்ன பார்க்கவேண்டும் என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது.