ஏஐ கருவிக்குக் கட்டணம் சரி, அதற்குப் பிறகு?

அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் போல நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஏஐ கருவிகளுக்குத் தனிக் கட்டணம் தர வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் ஒப்புக்கொள்வேன். அங்கே சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தை டாக்டர் இல்லாமலே படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு 2018-இல் அனுமதி, 2021 முதல் 92229 என்று தனி பில் எண். பக்கவாத ஸ்கேனைப் பார்த்து எச்சரிக்கும் மென்பொருளுக்கு 2020-இல் நோயாளிக்கு அதிகபட்சம் 1,040 டாலர் கூடுதலாக அறிவித்தார்கள். ஆனால் அது சில வருடங்களுக்கான தற்காலிகத் தொகை. கட்டுரையாளர் இதை விட்டுவிட்டார்.

நம் திட்டம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தொகுப்புத் தொகை தருவது. கண்ணைப் படமெடுப்பதோ புறநோயாளி வேலை. படத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் முகாம் போட்டு ஊரையே படமெடுத்து பில் போட ஆள் வரும், சந்தேகமே வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அந்த ஊழியர்களிடம் கேமராவைக் கொடுத்து, மென்பொருளை மாவட்டத்துக்கு மொத்தமாக வாங்கினால் என்ன?

அஞ்செட்டிப் பக்கம் ஒரு பாட்டிக்கு ‘பாதிப்பு உள்ளது’ என்று கருவி சொல்லிவிட்டது என்று வையுங்கள். லேசர் சிகிச்சைக்கு ஓசூரோ கிருஷ்ணகிரியோ போக வேண்டும், கூட வருபவருக்கு அன்றைய கூலி போச்சு. அந்தப் பஸ் செலவுக்கு எந்தத் தொகுப்பிலும் இடமில்லை. மென்பொருள் கம்பெனிக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கை, பாட்டி கண் டாக்டரைப் பார்த்தார் என்று பதிவான பிறகு விடுவிக்கலாம்.