247 எழுத்தும் தெரிந்தால்தான் வாசிக்க முடியுமா?

‘ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247, அத்தனையும் மனப்பாடமானால்தான் குழந்தை வாசிக்கும்’ என்று பெற்றோரிடையே பரவும் கூற்று தவறானது.

12 உயிர், 18 மெய், 1 ஆய்தம், உயிரும் மெய்யும் சேர்ந்து உண்டாகும் 216 உயிர்மெய் என்பதே 247-இன் கணக்கு. ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளையும் மேலே இடும் புள்ளியையும் அறிந்த குழந்தை, படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய சொற்களை அன்றே வாசித்துவிடும். துணைக்காலை அறிமுகப்படுத்தியதும் பாடம், மாடம் என்று சொற்கள் பெருகும். ‘ஙௌ’ போன்ற எழுத்துகளைச் சொற்களில் அது சந்திக்கப் போவதேயில்லை.

உண்மையான இடர்ப்பாடு எண்ணிக்கையில் இல்லை. கு, டு, மு, ரு என உகர, ஊகார வரிசைகள் ஒரே குறியைப் பின்பற்றாமல் வடிவம் மாறுவதாலும், ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்பதாலும் குழந்தைகள் தடுமாறுகிறார்கள். அங்கேதான் கூடுதல் நாள்களும் பொறுமையும் தேவை. ணா, றா, னா, லை முதலியவற்றின் பழைய தனி வடிவங்களைத் தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஒழுங்குபடுத்தியது இந்தச் சுமையை ஓரளவு குறைத்தது.

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோ ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுத் தமிழைக் கடினமென்பது குழந்தைக்கு இழைக்கும் அநீதி.