மாசி வீதிக்குள் யாருக்காகக் கடை?

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியிருக்கிற மாசி வீதிகளுக்குள் என்னென்ன கடைகள் வர வேண்டும் என்று கேட்டு எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிற அந்தப் படிவம் உங்களுக்கும் வந்திருக்கும். படிவத்தைவிட அதன் கீழே ஓடிய பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. எழுதியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். "அங்க இப்ப யாருங்க குடியிருக்கா? எல்லாரும் அண்ணா நகர், கே.கே. நகர்னு போயாச்சு. மிச்சம் இருக்கிறது லாட்ஜும் குடோனும்தான். அதுக்கேத்த மாதிரி கடை வரட்டும்." இதற்கு லைக் போட்டவர்களில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் குடியிருக்கிறோம். ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் நடுவே இருக்கிற சந்துகளுக்குள் வந்து பாருங்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் நீளமாக வீடு, மாடியில் இன்னொரு குடும்பம். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் லாட்ஜில் ரூம் எடுத்தவர்கள் இல்லை. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதியைச் சுற்றி வரும்போது பானகமும் நீர்மோரும் கரைத்து வாசலில் வைக்கிறவர்களும் நாங்கள்தான். அந்தப் போட்டோக்கள் மட்டும் உங்களுக்குப் பிடிக்கிறது, பகிர்கிறீர்கள். அதை எடுத்த வாசலுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்பதை மட்டும் ஏன் மறந்துவிடுகிறீர்கள்?

படிவத்தில் தேர்வு செய்யக் கொடுத்திருந்தவை: காபி ஷாப், ஐஸ்கிரீம் பார்லர், பிராண்டட் துணிக்கடை, நினைவுப் பொருள் கடை, ஃபுட் கோர்ட், 'பாரம்பரிய அனுபவ மையம்'. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம். மளிகைக்கடை இல்லை. மருந்துக்கடை இல்லை. மாவு மில், டெய்லர், காய்கறிக்கடை, எலக்ட்ரிக்கல் கடை, செருப்பு தைக்கிறவர் எதுவுமே இல்லை. ஒரு மனுஷன் தன் வீட்டிலிருந்து இறங்கி நடந்து போய் வாங்குகிற ஒரு பொருளுக்கும் அந்தப் பட்டியலில் இடம் இல்லை. 'குடியிருப்போர் கருத்து' என்று மேலே தலைப்பு வேறு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இங்கே வாழ்கிறவர்களுக்குத் தினமும் தேவைப்படுகிற கடைகள் இங்கே இருக்க வேண்டும். காபி ஷாப் வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அது வருவதற்காக மாவு மில் போக வேண்டும் என்றால் எனக்கு அது வேண்டாம்.

மாவு மில் என்று சொன்னதும் சிலர் சிரிப்பீர்கள். எங்கள் சந்து முனையில் ஒன்று இருந்தது. டின்களை வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், யார் டின் எது என்று அந்த அண்ணனுக்கு மூடியைப் பார்த்தாலே தெரியும். மிளகாய் அரைத்த கையோடு கோதுமை போனால், முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டுத்தான் நம் டின்னைக் கவிழ்ப்பார். புட்டுக்கு எவ்வளவு, முறுக்குக்கு எவ்வளவு நைஸ் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு முன்னால் அந்தச் சந்து முழுக்க மாவும் மல்லியும் மணக்கும். அவர் மகன் படித்து வேலைக்குப் போனான், நல்ல விஷயம். அவராக மூடவில்லை. வாடகை ஏறியது, கட்டுப்படியாகவில்லை, காலி செய்தார். இப்போது அங்கே டிராவல் பேக், மொபைல் கவர், சாவிக்கொத்து. அதே சந்தில் அதே சாமானை விற்கும் மூன்றாவது கடை அது. எங்கள் அம்மா சத்துமாவுக்குத் தானியம் வறுத்து வைத்துக்கொண்டு, யார் வண்டியில் வெளி வீதிப் பக்கம் போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வறுத்த தானியம் நமுத்துப் போகும் என்று அவர்களுக்குக் கவலை.

"ஆன்லைனில் ஆர்டர் போடுங்க, பத்து நிமிஷத்தில் வந்துரும்" என்று எழுதிய தம்பிக்கு: நீங்கள் சொல்வது ரெடிமேட் பாக்கெட். ரவிக்கையைப் பிரித்துத் தைப்பது, அறுந்த செருப்பு வாரை மாட்டுவது, மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாற்றுவது எந்த ஆப்பில் வருகிறது? அப்புறம், மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுக்கிற கடைக்காரரும் ஆப்பில் இல்லை. இங்கே குடியிருக்கிற எல்லோரும் கடை முதலாளிகள் இல்லை. தங்கப்பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், கோயிலை நம்பிப் பூக்கட்டிப் பிழைக்கிறவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நோட்டு இல்லாமல் ஒரு மாதம் ஓடாது.

சரி, கோயிலுக்கு எதிரே, முன்பு கடைகள் நிறைந்திருந்த புது மண்டபத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னால் உடனே "அப்ப கடைகளை மண்டபத்துக்குள்ளேயே வச்சிருக்கணும்கிறீங்களா" என்று கேட்பீர்கள். இல்லை. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி, கோயிலுக்குள் கடைகள் இருந்த வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. கல்தூண்கள் வெடித்துச் சரிந்ததைப் பார்த்த பிறகு, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் சிற்பத்துக்குச் சிற்பம் கயிறு கட்டித் துணி தொங்கவிடலாம் என்று நான் சொல்வேனா? கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியது சரி. அந்தத் தூண்களை முழுசாகப் பார்க்க முடியும் என்றால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த மண்டபத்தில் இருந்தது என்ன மாதிரிக் கடைகள் என்பதை யோசியுங்கள். பாத்திரம், வளையல், பாடப் புத்தகம், ஸ்தோத்திரப் புத்தகம், தையல். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் திரி எடுக்கிறவர்களும் உடுத்துகிற உடுப்பை அங்கேதான் தைப்பார்கள். சல்லடம், கச்சை, ஜரிகை வைத்த தலைப்பாகை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய், பாவாடைத் துணியை எழுகடல் தெருவில் எடுத்து, அப்படியே மண்டபத்துக்குள் தைக்கக் கொடுப்பார்கள். தையல் மிஷின் ஓடுகிற தரையில் சிவப்பும் பச்சையுமாக வெட்டுத் துணி கிடக்கும், அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து பொம்மைக்குக் கட்டுவோம். சுவாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் பாவாடை தயாராக இருக்கும். அங்கே ஊர்க்காரருக்கும் வேலை நடந்தது, வெளியூர்க்காரரும் வாங்கினார். வெள்ளைக்காரர்களும் நின்று அளவு கொடுத்துச் சட்டை தைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதை யாரும் 'அனுபவ மையம்' என்று போர்டு வைத்து நடத்தவில்லை. நாங்கள் உபயோகப்படுத்திய கடை, அதனாலேயே அவர்களுக்கும் பார்க்க விசேஷமாக இருந்தது.

"டூரிஸ்ட் வந்தாத்தானே ஊருக்கு வருமானம்." வரட்டும். கோயில் இருக்கிற ஊரில் யாத்ரீகர்கள் வருவது நேற்று தொடங்கிய விஷயமா? சங்கப் பாட்டிலேயே இந்த ஊரில் பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. தூங்கா நகரம் என்று பெருமையாகப் போடுகிறோமே, ராத்திரி ஒரு மணிக்கும் இட்லி கிடைத்தது இங்கே வேலை பார்க்கிற சுமைதூக்குகிறவர்களுக்காகவும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்காகவும். அதன் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வந்தார்கள்.

"வெளிநாட்டில் எல்லாம் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று ஒருவர். பார்த்தேன் ஐயா. ஆம்ஸ்டர்டாமில் 2017-ல் நகர மையத்தில் சுற்றுலாப் பயணிகளை மட்டுமே நம்புகிற புதிய கடைகள் திறக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு வேண்டிய கடைகளெல்லாம் காணாமல் போய்விட்டன என்பதுதான் காரணம். பாரிஸில் நகர நிர்வாகத்தின் நிறுவனமே தரைத்தளக் கடைகளை வாங்கி, புத்தகக்கடை, ரொட்டிக்கடை மாதிரியானவற்றுக்கு வாடகைக்கு விட்டது. அவர்களே பட்டுத் திருந்துகிற ஒன்றை நாம் புதுசாக ஆரம்பிக்க வேண்டுமா?

அடுத்தது, "கட்டடம் அவங்களது, வாடகைக்கு யாருக்கு விடணும்னு சொல்ல நீங்க யாரு?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். பழைய 1960 வாடகைச் சட்டம் போய்விட்டது. புதுச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்த பிறகு எழுத்தில் போட்ட ஒப்பந்தம்தான் கணக்கு, காலம் முடிந்தால் காலி செய்ய வேண்டியதுதான். முந்நூறு ரூபாய் வாடகையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களால் கட்டடச் சொந்தக்காரர்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும், எங்கள் பெரியப்பா பட்டிருக்கிறார். ஆனால் இதே கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறதா இல்லையா? அதுவும் சொந்தக் கட்டடம்தானே. கோபுரம் மறையக் கூடாது என்பதற்காக உயரத்தில் கை வைக்கலாம், குடியிருக்கிறவர்கள் மறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தரைத்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாதா? தெரு வியாபாரிகளுக்காக 2014-ல் வந்த சட்டத்திலேயே நகர விற்பனைக் குழுவில் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தள்ளுவண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கே எங்களைக் கேட்க வேண்டும் என்றால், ஒரு முழு வீதியில் என்ன கடை என்பதற்கு?

மாநகராட்சியின் கையில் இருக்கும் கடைகளிலாவது ஆரம்பிக்கலாம். ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு என்று எல்லாவற்றையும் விடாமல், கொஞ்சம் கடைகளை மளிகைக்கும் காய்கறிக்கும் மாவு மில்லுக்கும் ஒதுக்குங்கள். இது அவ்வளவு பெரிய ஆசையா?

காய்கறி என்றதும் இன்னொன்று. வடக்காவணி மூல வீதிப் பக்கம் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்தது. மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனது, லாரி வந்து போக இங்கே இடமில்லை, அதுவும் புரிகிறது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி கார் பார்க்கிங். நாங்கள் கூடையோடு நடந்து போய்க் கத்திரிக்காய் பொறுக்கிய இடத்தில் காரில் வருகிறவர்களுக்கு இடம். பார்க்கிங் வேண்டாமா என்று கேட்காதீர்கள், வேண்டும். கீழே ஒரு ஓரத்தில் பத்துக் காய்கறிக்கடை வைத்திருந்தால் ஒரு காருக்கும் இடைஞ்சல் வந்திருக்காது. "பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே, மாட்டுத்தாவணிக்குப் போயி வாங்கலாமே" என்று சொல்கிறவர்கள், முழங்கால் தேய்ந்த ஒரு அம்மாவை ரெண்டு கிலோ வெங்காயத்தோடு அந்த பஸ் படியில் ஏற்றிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், இந்தச் சுற்றில்தான். முதலில் காய்கறிக்கடை போகும். அப்புறம் மில், டெய்லர். பிறகு டாக்டர் கிளினிக்கை வீட்டோடு வைத்திருந்தவர் புறநகருக்குப் போவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறையும். கடைசியில் ஒரு குடும்பம் "இங்க ஒண்ணுமே கிடைக்கல" என்று கிளம்பும், அந்த வீடு லாட்ஜாகும். அதன் பிறகு ஒருவர் வந்து "அங்க யாருங்க குடியிருக்கா" என்று கேட்பார். எங்களை ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டு, ஆளே இல்லை என்று எங்களிடமே சொல்கிறீர்கள்.

என் தம்பி போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும். அம்மாவையும் கூப்பிட்டான். அம்மா போனார்கள், தங்கவில்லை. "அங்க எது வேணும்னாலும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கு" என்றார்கள். இங்கே அவர்கள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தானே இறங்கி, மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை வாங்கி, வழியில் பூக்காரக்காவிடம் ரெண்டு முழம் பூ வாங்கி, மளிகைக்கடையில் உட்கார்ந்து கொஞ்சம் பேசிவிட்டு வருவார்கள். அந்த மருந்துக்கடைக்கும் இப்போது வாடகைப் பேச்சு நடக்கிறது. கேட்பது ஒரு கேக் கடைக்காரர் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டைக் கேட்டு தரகர்கள் வாராவாரம் வருகிறார்கள். "பத்து ரூம் போடலாம்க்கா, கோயில் பக்கம், சும்மா ஓடும்." நான் விற்கப் போவதில்லை. கமெண்டில் "அப்படி என்ன பிடிவாதம், அவ்வளவு கஷ்டம்னா கிளம்ப வேண்டியதுதானே" என்று யாராவது எழுதினால் அழித்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மற்ற எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன். படிவத்தை அனுப்பிய குழுவில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தச் சந்துகளில் வீடு வீடாக வந்து கேளுங்கள், நானே கூட வருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் பட்டறைக்குப் போனவர்களும் வீட்டில் இருப்பார்கள்.