10 நாளில் வர வேண்டிய பதில் 11 மாதமாக வரவில்லை

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் கட்டளை 11, விதி 8-ஐ எனக்கு இப்போது மனப்பாடமாகவே தெரியும். ஒரு தரப்பு எழுத்து மூலம் கேட்கும் வினாக்களுக்கு மறுதரப்பு 10 நாட்களுக்குள் பிரமாணப் பத்திரமாகப் பதில் தாக்கல் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் நான் கேட்ட 14 வினாக்களுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்து 11 மாதங்கள் ஆகிவிட்டன. இன்றுவரை ஒரு வரிகூடப் பதில் வரவில்லை.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்? கடை வாடகை எந்த வங்கிக் கணக்கில் வரவாகிறது, வாடகை ஒப்பந்தம் எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது, மூலப் பத்திரம் யாருடைய கையில் இருக்கிறது என்பவை போன்ற கேள்விகள்தான். பீரோவைத் திறந்து பாஸ்புக்கைப் புரட்டினால் ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடித்துவிடலாம்.

இந்த வினாக்களைக் கேட்பதற்கே முதலில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அந்த மனுவை 7 நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்று அதே கட்டளையின் விதி 2 சொல்கிறது. எனக்கு 4 மாதங்கள் ஆயின. சரி, நீதிமன்றத்தில் வேலைப்பளு அதிகம் என்று பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாய்தாவில் பிரதிவாதி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த வாய்தாவில் ஆவணங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அதற்கடுத்த வாய்தாவில் புதிய வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்து, வழக்குக் கட்டைப் படித்துப் பார்க்க அவகாசம் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு வாய்வார்த்தை போதுமானதாக இருந்தது. எந்தக் காரணத்துக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட ஆதாரமாகக் கேட்கப்படவில்லை.

இதற்கெல்லாம் இடம் கொடுப்பது அதே விதி 8-இன் பின்பாதி. "அல்லது நீதிமன்றம் அனுமதிக்கும் வேறு காலத்துக்குள்" என்று அங்கே ஒரு வாசகம் இருக்கிறது. அந்த வாசகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோயில் படுத்தவருக்கும், 40 வருடத்துப் பழைய கணக்கைத் தேட வேண்டியவருக்கும் கூடுதல் அவகாசம் தேவைதான். ஆனால் அவகாசம் வேண்டுமென்றால் காரணத்தை எழுதி மனுவாகக் கொடுக்கட்டும், எத்தனை நாள் வேண்டும் என்று தேதி குறிப்பிடட்டும், அந்தத் தேதியும் தவறினால் செலவுத் தொகை கட்டட்டும். இது எதுவுமே இல்லாமல் கேட்டவுடன் கொடுக்கப்படும் அவகாசம், சட்டம் விதித்த 10 நாள் என்ற எல்லையையே அர்த்தமற்றதாக்கிவிடுகிறது.

பதில் தர மறுக்கும் பிரதிவாதியின் எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம் என்று கட்டளை 11-இன் விதி 21 சொல்கிறது. அது மிகக் கடுமையான தண்டனை என்பதால், வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருப்பவர்மீதுதான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கருத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 7 வாய்தாக்களாகப் பதில் தராமல் இருப்பதை வேண்டுமென்றே செய்வது என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? விதி 21-இன் கீழ் நான் போட்ட இடைமனுவும் எதிர்மனு தாக்கலுக்காக ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. தாமதத்தைத் தட்டிக்கேட்கப் போட்ட மனுவே தாமதமாகிறது.

இதே சட்டத்தின்படி, வழக்கு விசாரணைக்கு அழைக்கப்படும் நாளில் பிரதிவாதி வந்து வாதியான நான் வராமல் போனால், கட்டளை 9, விதி 8-இன் கீழ் என் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம். எனக்கு ஒரு நாள் தவறினாலே ஆபத்து. அவருக்கு 11 மாதம் தவறியும் ஒரு கேடும் இல்லை.

காலக்கெடுவைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015-இன் கீழ் வரும் வழக்குகளில், அழைப்பாணை கிடைத்த 120 நாட்களுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கான எழுத்து மூலப் பதில், தாக்கல் செய்யாத பிரதிவாதி அந்த உரிமையையே இழக்கிறார். அந்த எல்லையை நீட்டிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்யும் நிறுவனங்களின் வழக்குக்குக் கிடைக்கும் அந்தக் கண்டிப்பு, ஒரு குடும்பத்தின் பங்குக்காக நடக்கும் வழக்குக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இந்த 11 மாதமும் கடை வாடகையை எங்கள் வழக்கின் பிரதிவாதிதான் வசூலித்துக்கொண்டிருக்கிறார். பதில் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு வரவு. எங்கள் தரப்பில், நடந்ததை நேரில் பார்த்த ஒரே சாட்சி என் அம்மா. அவருக்கு 79 வயது. போன வருடம்வரை பத்திரம் எழுதிய நாளில் யார் யார் கூட இருந்தார்கள் என்று தடுமாறாமல் சொன்னவர், இப்போது பெயர்களை மாற்றிச் சொல்கிறார். அடுத்த வாய்தா வருவதற்கு இன்னும் 5 வாரங்கள் இருக்கின்றன. மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்ற ஒரு கேள்விக்காவது, அதைப் பார்த்து "இதுதான்" என்று அடையாளம் சொல்ல அம்மாவால் முடியும்போதே எனக்குப் பதில் வேண்டும்.